வீட்டிலேயே பைக் செயின் மாற்றலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

யீஷூனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, 20,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

கிலோமீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் தம்பி. பின் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினை விரலால் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி தெரியும் அளவுக்கு விலகி வந்தால் செயின் நீண்டுவிட்டது. சக்கரத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் தொய்வும் இன்னோரிடத்தில் விறைப்பும் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். நம் சிங்கப்பூர் மழையில் நனைந்தபடி திறந்தவெளி கார்பார்க்கில் நிற்கும் வண்டி என்றால் அடிக்கடி பாருங்கள்.

தோ பாயோ: பெட்டியில் 428, 520, 525 என்று போட்டிருக்கிறது. எதை வாங்குவது?

முதல் இலக்கம், கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம். எட்டில் ஒரு பங்கு அங்குலக் கணக்கு அது. 4 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 5 என்றால் 15.875 மி.மீ. மற்ற இரண்டு இலக்கங்கள் அகலத்தைக் குறிக்கும். 2பி லைசன்ஸில் ஓட்டும் 200 சிசி வரையிலான சின்ன வண்டிகள் பலவற்றில் 428தான். பழைய செயினில் எத்தனை கண்ணி என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் ஸ்ப்ராக்கெட் பற்களையும் எண்ண வேண்டும். முன்பு வைத்திருந்தவர் அளவை மாற்றியிருக்கலாம்.

பிடோக்: ஸ்ப்ராக்கெட் நன்றாகத்தான் இருக்கிறது. செயின் மட்டும் போதுமா?

போதாது. தேய்ந்த பல்லில் புதுச் செயின் ஓடினால் அதுவும் சீக்கிரம் தேயும். செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஜூரோங்: பழைய செயினை வெட்டிவிட்டேன். இப்போது முன் ஸ்ப்ராக்கெட் நட்டு அசையவே மாட்டேன் என்கிறது.

பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய செயின் மாட்டியிருக்கும்போதே முதல் வேலையாக அந்த நட்டைத் தளர்த்த வேண்டும். மடித்து வைத்த வாஷரை நிமிர்த்திவிட்டு, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் ஸ்ப்ராக்கெட் சுற்றாது, நட்டு இளகும். இனி உங்களுக்கு ஒரு வழி உண்டு. புதுச் செயினைப் பழைய ஸ்ப்ராக்கெட்டுகளில் சுற்றி, இணைப்புக் கண்ணியைத் தற்காலிகமாகப் போட்டு, அதே முறையில் தளர்த்துங்கள். கியரில் போட்டு இன்ஜினின் பலத்தால் திருப்பப் பார்க்காதீர்கள்.

உட்லண்ட்ஸ்: இணைப்புக் கண்ணிக்குக் கிளிப் போதுமா, ரிவெட்தான் அடிக்க வேண்டுமா? தினமும் ஜொகூர் போய் வருகிறேன்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். சின்ன வண்டிக்குக் கிளிப் போதும். ஆனால் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த பக்கம் பின்னால். பல வருடங்களுக்கு முன் நான் அவசரத்தில் திருப்பிப் போட்டுவிட்டேன். புக்கிட் தீமா விரைவுச்சாலையில், கொட்டும் மழையில், கிளிப் கழன்று செயின் அறுந்தது. முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு இன்ஜின் மூடியையும் உடைத்தது. பின்னால் வந்த லாரி நல்லவேளையாகத் தள்ளித்தான் வந்தது. அன்றிலிருந்து கிளிப் போட்டதும் டார்ச் அடித்து இரண்டு தடவை பார்க்கிறேன்.

400 சிசி போன்ற பெரிய வண்டிகளுக்கு ரிவெட்தான். அதற்கென்று உள்ள கருவியால் பின்னின் முனையை விரிக்க வேண்டும். எவ்வளவு விரிய வேண்டும் என்பதைச் செயினோடு வரும் தாளில் பார்த்து, கேலிப்பர் என்ற அளவுக் கருவியால் அளந்து கொள்ளுங்கள். குறைந்தால் கழன்றுவிடும், அதிகமானால் முனை வெடிக்கும். சுத்தியலால் அடிக்கவே வேண்டாம். கருவி இல்லையென்றால் மற்றதையெல்லாம் நீங்கள் செய்துவிட்டு, ரிவெட்டுக்கு மட்டும் மெக்கானிக்கை வரவழையுங்கள். ரப்பர் வளையங்கள் உள்ள ஓ ரிங் செயினில் அந்த இணைப்புக்கும் நான்கு ரிங், கிரீஸ் உண்டு, மறக்காதீர்கள்.

தெம்பனிஸ்: எவ்வளவு தொய்வு விடலாம்?

பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ. வரை. சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக விறைப்பாக உள்ள இடத்தில் அளந்து பாருங்கள். முறுக்கிக் கட்டினால் பேரிங் போய்விடும். ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கக் கோடுகளையும் ஒரே அளவில் வைத்து, பின் சக்கர அச்சின் நட்டை இறுக்கியபின் மறுபடியும் அளந்து பாருங்கள். கொண்டை ஊசி மாதிரி காட்டர் பின் இருந்தால் புதிது போடுங்கள். சில நூறு கிலோமீட்டரில் புதுச் செயின் கொஞ்சம் தளரும், அப்போதும் பாருங்கள்.

செங்காங்கிலிருந்து ஓர் அம்மா: என் மகன் கார்பார்க்கில் இன்ஜினை ஓடவிட்டு, பெட்ரோல் ஊற்றிச் செயின் கழுவுகிறான். சரியா தம்பி?

சரியில்லை அக்கா. பெட்ரோல் ரப்பர் ரிங்கைக் கெடுக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். வடிகாலில் போகும் அழுக்கு எண்ணெய் நம் நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும். மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷும் போதும், கீழே அட்டை விரிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். ஓடும் செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே துணி சிக்கினால் விரலையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இன்றே மகனிடம் சொல்லிவிடுங்கள்.