சம்பளம் கொடுத்தது யார்?

வாசகர் கேள்வி – பதில்
(பதில் எழுதுபவர் கச்சேரியில் பழைய கோப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர்)

பழைய கடதாசிகள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும், காணி உறுதிகளைப் பற்றித்தான் கேள்வி வரும் என்று நினைத்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பட்டாளத்துக்குப் போனவர்களைப் பற்றியவை. சரி, இந்த முறை அவற்றுக்கே இடம் கொடுப்போம்.

கேள்வி: என் அம்மப்பா இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் இருந்தாராம். எகிப்துப் பாலைவனத்தில் மண் வெட்டினேன் என்று சொல்வாராம். ஊரில் யாரும் நம்பவில்லை. தொப்பியோடு ஒரு படமும், பெயர் எதுவும் இல்லாத ஒரு பதக்கமும் மிஞ்சியிருக்கின்றன. மற்றக் கடதாசிகள் எல்லாம் சூறாவளியில் போய்விட்டன. எங்கே விசாரிக்கலாம்? – ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மகள், நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மப்பாவின் முகத்தை விட அவர் தொப்பியில் இருக்கும் சின்னம்தான் எனக்கு அதிகம் சொல்லியது. ஒரு துவக்கு, ஒரு மண்வெட்டி, ஒரு பிக்காசு, மூன்றையும் சாய்த்துக் குவித்து வைத்தது போல ஒரு வடிவம், மேலே முடி. அது பயனியர் கோர் என்ற பிரிவின் சின்னம். வீதி போடுவது, பதுங்குகுழி வெட்டுவது, கப்பலிலிருந்து சாமான் இறக்குவது எல்லாம் அவர்கள் வேலை. இலங்கையிலும் அதற்கு ஆள் சேர்த்தார்கள், மத்திய கிழக்குக்கு அனுப்பினார்கள். அம்மப்பா மண் வெட்டினேன் என்று சொன்னது பொய்யில்லை. ஊரார் இனி நம்பலாம்.

இப்போது பதக்கம். ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் இரண்டு தலைப் பறவைநாகம் ஒன்றின் மேல் ஏறி நிற்கும் சிங்கம் என்றால், அது 1939–45 யுத்தப் பதக்கம். இருபத்தெட்டு நாள் முழுநேரச் சேவை செய்தவருக்கே அது கிடைக்கும். எனவே அதை வைத்து அவர் எங்கே போனார் என்று சொல்ல முடியாது. விளிம்பில் பெயர் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். முதலாம் உலக யுத்தப் பதக்கங்களின் விளிம்பில் பெயரும் இலக்கமும் வெட்டியிருக்கும். இரண்டாம் யுத்தத்தில் பிரிட்டன் செலவை மிச்சம் பிடித்து வெறுமனே கொடுத்துவிட்டது. இந்தியப் படைக்குக் கொடுத்தவற்றில் பெயர் உண்டு. ஆக உங்கள் வெறும் விளிம்பும் ஒரு தகவல்தான்.

வட ஆபிரிக்காவில் 1943 மே மாதத்துக்கு முன் நின்றவர்களுக்கு ஆபிரிக்கா ஸ்டார் என்று ஒரு நட்சத்திரமும் உண்டு. அது உங்களிடம் இல்லையென்றால் மூன்று காரணம் இருக்கலாம். பிந்திப் போயிருப்பார், அல்லது தொலைந்திருக்கும், அல்லது கேட்டு வாங்கவே இல்லை. பட்டாளத்தை விட்டு வந்தவர்கள் விண்ணப்பித்துத்தான் பதக்கம் பெற வேண்டியிருந்தது. வயலும் மாடும் காத்திருக்கிற மனிசன் பதக்கத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டா இருப்பார்?

எங்கே விசாரிப்பது? கோப்பறையில் நான் படித்த ஒரே பாடம் இது: சம்பளம் கொடுத்தவரிடம்தான் கடதாசி இருக்கும். எல்லாரும் பொதுவாக “வெள்ளைக்காரப் பட்டாளம்” என்கிறோம். ஆனால் சம்பளப் பட்டியல் ஒன்றல்ல. 1910இல் தொடங்கிய இலங்கைப் பாதுகாப்புப் படை, அதாவது லைட் இன்ஃபன்ரி (காலாட்படை), கரிசன் ஆட்டிலறி (பீரங்கிப்படை) போன்றவை, இலங்கை அரசாங்கத்தின் பொறுப்பு. பயனியர் கோர் பிரிட்டிஷ் ஆமியின் ஒரு பிரிவு. எனவே நீங்கள் தொடங்க வேண்டிய இடம் லண்டன் பக்கம். அங்கே பாதுகாப்பு அமைச்சு வைத்திருந்த பழைய சேவைக் கோப்புகள் 2022 முதல் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாறி வருகின்றன. பெயரைப் போட்டு இணையத்தில் தேடலாம். கோப்பு கிடைத்தால் சேர்ந்த திகதி, சேவை இலக்கம், எந்த எந்த முகாம், எந்த ஆஸ்பத்திரி, நடத்தை எப்படி, செத்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். அந்தக் கடைசி வரியில் உங்கள் அம்மம்மாவின் பெயரைப் பார்க்கலாம். கலியாணத்துக்கு முன் சேர்ந்திருந்தால் பூட்டியின் பெயர்.

அவருடைய மரண அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து வையுங்கள். மிகப் பழைய பிறப்புள்ளவர்களின் கோப்பு திறந்திருக்கும், மற்றவர்களுடையதைக் கேட்டால் இறந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள்.

அப்புறம் பெயர். இங்கேதான் நம்மவர்கள் பலர் தேடிக் களைத்து விட்டுவிடுகிறார்கள். கணபதிப்பிள்ளையை ‘கே’ எழுத்தில் மட்டும் தேடாதீர்கள், ‘சி’யிலும் தேடுங்கள். கந்தையா, கதிராமத்தம்பி எல்லாருக்கும் இதே கதி. சின்னத்தம்பி ‘எஸ்’ஸிலும் இருப்பார், ‘சி.எச்.’சிலும் இருப்பார். அதோடு, எழுதிய சார்ஜன்ட் வெள்ளைக்காரன். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கியிருப்பான், அல்லது ஒரே பெயரை இரண்டாக வெட்டி, ‘பிள்ளை’யைத் தனியாகக் குடும்பப் பெயர் என்று போட்டிருப்பான். ‘பிள்ளை’ என்றும் ஒரு முறை தேடிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், கோப்பறையில் நான் அப்படிப் பல பேரைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலில் நேரம் செலவழிக்க வேண்டாம். அது இலவசம், நல்ல பட்டியல். ஆனால் யுத்த காலத்தில் இறந்தவர்களுக்கானது. உங்கள் அம்மப்பா உயிரோடு வீடு வந்தவர்.

இதே கேள்வியை இலங்கைப் பாதுகாப்புப் படைக்காரர் ஒருவருக்காக அக்கரைப்பற்றிலிருந்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி, உங்களுக்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். அங்கே பழைய கசெற் (அரசாங்க வர்த்தமானி) இருக்கிறது. அதில் அதிகாரிகளின் நியமனம்தான் வரும், சாதாரணச் சிப்பாயின் பெயர் வராது. யுத்தம் முடிந்து அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்திருந்தால் அவருடைய தனிப்பட்ட கோப்பில் முந்திய சேவை குறிக்கப்பட்டிருக்கும், அந்தத் திணைக்களத்தில் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவனைப் பற்றி இரண்டு வரி இருக்கும், குழப்பம் விளைவித்தவனைப் பற்றிக் கட்டுக்கட்டாக இருக்கும். இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவில் 1942 மே மாதம் கலகம் செய்த கரிசன் ஆட்டிலறிக்காரர்கள் மூவரை அந்த ஆவணியில் வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள். அவர்களைப் பற்றி இன்றைக்கும் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். கூட நின்று ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தவர்களின் பெயர் தேட வேண்டியிருக்கிறது.

கேள்வி: கல்லடியிலிருந்து வெளிநாட்டுக்காரரை ஹேர்மிஸ் கப்பல் கிடக்கும் இடத்துக்குப் படகில் கூட்டிப் போகிறேன். சிலர் சுழியோட வருவதில்லை. மாமா, தாத்தா என்று பெயர் சொல்லி விசாரிக்கிறார்கள். நான் என்ன சொல்லலாம்?

பதில்: நல்ல கேள்வி தம்பி. அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் உங்களிடமிருந்து வேண்டியதில்லை. ஹேர்மிஸ் பிரிட்டிஷ் கப்பல். அது 1942 ஏப்ரல் 9 அன்று தாண்டபோது இறந்த 307 பேரின் விபரமும் அவர்கள் நாட்டிலேயே இருக்கிறது. கடலோடு போனவர்களின் பெயர் போர்ட்ஸ்மவுத், பிளிமவுத், சாதம் நினைவுத் தூண்களில் வெட்டியிருக்கிறது. உங்களிடம் அவர்கள் கேட்பது இடத்தை.

எனவே இதைத் தெரிந்து வைத்திருங்கள். ஜப்பான் விமானங்கள் வரப்போகின்றன என்று தெரிந்து முதல்நாள் இரவே கப்பல் திருகோணமலையை விட்டுத் தெற்கே வந்தது. காலையில் ஜப்பான் வேவு விமானம் கண்டுவிட்டது. திரும்பித் திருகோணமலைக்கு வா என்று கட்டளை. பத்தரை மணிக்குப் பிறகு குண்டு விழத் தொடங்கியது. விமானம் தாங்கிக் கப்பல் என்று பெயர், அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் தரையில் நின்றன. கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் தாண்டது. அவுஸ்திரேலியர் வந்தால் அதைத்தான் கேட்பார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் அறுநூறு பேரளவில் தூக்கிக் கொழும்புக்குக் கொண்டு போனது. கரைக்குப் போய்க் கல்லறை பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு, திருகோணமலை நிலாவெளி வீதியில் யுத்தக் கல்லறை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. கீழே இருந்து பித்தளைத் துண்டு எடுத்துவந்து விற்கிறவர்களோடு சேர வேண்டாம். மற்றது, அந்தக் காலை புகையைக் கரையிலிருந்து பார்த்தேன் என்று சொல்லும் ஆட்கள் உங்கள் பக்கத்தில் யாரும் மிச்சம் இருந்தால், இந்தக் கிழமையே போனில் அவர்கள் பேச்சைப் பதிந்து வையுங்கள். தொண்ணூறு தாண்டியிருப்பார்கள்.

கேள்வி: பெரியப்பப்பா மலாயாவில் றெயில்வே கிளாக்கராக இருந்தவர். ஜப்பான்காரன் வந்த பிறகு நேதாஜியின் படையில் சேர்ந்தார் என்று ஒரு கதை, சயாம் றெயில் பாதைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள் என்று இன்னொரு கதை. எது உண்மை? – மட்டக்களப்பு நகர்

பதில்: முதலில் மலாயா றெயில்வே. அவருக்கு நிச்சயமாகச் சம்பளம் கொடுத்த இடம் அதுதான். மலாயாப் பென்சன் எங்கள் நாட்டில் எத்தனை வீட்டில் உலை வைத்தது என்று பழையவர்களைக் கேளுங்கள். குடும்பத்தில் யாராவது விதவைப் பென்சனோ, பிந்திய சம்பளப் பாக்கியோ எடுத்திருந்தால் அந்தக் கடிதத்தில் இறந்த திகதி இருக்கும். யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டு றங்குப் பெட்டியிலும் பாருங்கள், அந்தக் காலத்தில் தந்தி அங்கேதான் போயிருக்கும். கோலாலம்பூரில் மலேசியாவின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது.

நேதாஜியின் படை என்றால் சிக்கல். அந்தப் படைக்குப் பின்னால் நின்றது, 1943 ஒக்டோபரில் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அமைத்த சுதந்திர இந்திய அரசாங்கம். அது 1945இல் தோற்றுப்போனது. தோற்ற அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலை யார் பாதுகாப்பது? பிரிட்டிஷார் பிடித்து விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தது பெரும்பாலும் முன்பு தங்கள் படையில் இருந்தவர்களைத்தான். மலாயாவில் தோட்டத்திலும் கந்தோரிலும் இருந்து சேர்ந்தவர்கள் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வீடு போனார்கள். மிஞ்சிய கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சயாம் பாதையைப் பற்றி எழுதக் கை வரவில்லை. சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட பாதை அது. 1942 நடுப்பகுதி முதல் 1943 ஒக்டோபர் வரை, 415 கிலோமீற்றர். அதில் செத்த வெள்ளைக்காரச் சிறைக்கைதிகள் பலருக்குக் காஞ்சனபுரியில் ஆளுக்கொரு கல் நட்டுப் பெயர் வெட்டியிருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு செத்தவர்கள் தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். அந்தக் கூலிகளுக்குப் பெயர்ப்பட்டியல் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் பெரியப்பப்பா அங்கே போயிருந்தால் கடதாசி மூலம் அவரை நிரூபிப்பது கடினம். அதனால்தான் றெயில்வேயிலிருந்து தொடங்குங்கள் என்கிறேன். அவர் வேலைக்கு வராத நாளை அங்கே எவனாவது ஒரு கிளாக்கர் குறித்திருப்பான்.

கேள்வி: (பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார்.) என் தம்பி பள்ளிக்கூடம் போகிற வயதில் இயக்கத்துக்குப் போனவன். பிறகு தகவல் இல்லை. அம்மா இன்னும் அவனுக்குப் பிறந்தநாள் செய்கிறா. எங்கே கேட்பது?

பதில்: தங்கச்சி, இது மற்றவை போலக் கோப்பறைக் கேள்வி இல்லை. அவனுடைய பட்டியல் இருந்தாலும் நீங்களும் நானும் போய்ப் பார்க்கும் இடத்தில் இல்லை. சட்டப்படி உள்ள வழியைச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு மட்டக்களப்பிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. எந்தப் பக்கம் நின்று காணாமற்போனாலும் முறைப்பாடு கொடுக்கலாம். அதில் பலருக்கு நம்பிக்கையில்லை, வீதியில் இருந்து போராடும் தாய்மாருக்கு அதற்குக் காரணமும் இருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்பதை அம்மாவே தீர்மானிக்கட்டும். அன்று சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் பதிந்த துண்டு இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் மூலப்பிரதியாகக் கொடுக்காதீர்கள், போட்டோப்பிரதி மட்டும்.

மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தினால் அவசரப்பட வேண்டாம். செத்துவிட்டான் என்று ஒப்பாமலே, காணாமற்போனவர் என்று சான்றிதழ் எடுக்க 2016 முதல் சட்டம் இருக்கிறது. வங்கி, காணி அலுவல்களுக்கு அது உதவும். அம்மா பிறந்தநாள் செய்யட்டும்.

கேள்வி: மூத்தவாப்பா பிரிட்டிஷ் நேவியில் இருந்தவர். அவருடைய பென்சனை லண்டனிலிருந்து பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துத் தரலாம் என்று ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? – சம்மாந்துறை

பதில்: கொடுக்க வேண்டாம். பேரப்பிள்ளைக்குப் பென்சன் என்று ஒன்று இல்லை. பொதுநலவாய முன்னாள் படையினர் சங்கம் மூலம் வரும் உதவி, உயிரோடிருக்கும் வறிய முன்னாள் படையினருக்கும் அவர்களின் விதவைகளுக்கும்தான். அதற்கும் முற்பணம் கிடையாது. மூத்தும்மா இருக்கிறாவா? இருந்தால் கலியாணப் பதிவு, மூத்தவாப்பாவின் மரண அத்தாட்சிப் பத்திரம், அவர் சேவை இலக்கம் உள்ள ஏதாவது ஒரு துண்டு, மூன்றையும் எடுத்துக்கொண்டு கொழும்பிலுள்ள முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு நீங்களே எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் மறுபடி வந்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு வர மாட்டார்.