அம்மாவின் தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. அப்பா இறந்த சமயத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்த அல்ப்ரஸோலம் 0.5 மி.கி. மாத்திரையை நான்கு வருடமாகத் தினமும் இரவு போடுகிறார். போன மாதம் ஊருக்குப் போனபோது எடுத்துப்போக மறந்துவிட்டார். இரண்டு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை, கை நடுக்கம், படபடப்பு. பயமாக இருக்கிறது. அடியோடு நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நாள்பட்டுப் போட்ட இந்த மருந்தைச் சட்டென்று விட்டால் சிலருக்கு வலிப்பு வரை போய்விடும்.

அந்த இரண்டு ராத்திரியைப் பார்த்துவிட்டு 'இது இல்லாமல் அம்மாவுக்குத் தூக்கமே வராது' என்றும் முடிவு கட்டாதீர்கள். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை இந்த மருந்து கூட்டிக் கொடுக்கிறது, வருடக்கணக்கில் அப்படியே போனால் மூளை அதற்குப் பழகிவிடும், பிறகு மருந்து நின்றால் தூக்கமின்மை, நடுக்கம், படபடப்பு எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். அல்ப்ரஸோலம் சுமார் 11 மணி நேரத்திலேயே ரத்தத்தில் பாதியாகிவிடும் என்பதால் அது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

இதற்காக அம்மாவை 'அடிக்ட்' என்று யாரும் சொல்ல விடாதீர்கள். சொன்னபடி போட்டவர் அவர். 2014 முதல் இது ஷெட்யூல் எச்1 மருந்து, கடையில் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் தர வேண்டும். ஆனாலும் மடித்து மடித்துக் கிழிந்த பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குவதை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், இடையில் ஒருவராவது 'இன்னும் எதற்கு?' என்று கேட்டிருக்க வேண்டும்.

சரி, எப்படி விடுவது? மனநல மருத்துவரிடம் போங்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பார்கள், மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும். பிளேடால் வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகவும் இன்னொன்று தூளாகவும் போகும், மாத்திரை வெட்டும் சின்ன டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கத்துக்கான சிபிடி பயிற்சியும் (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சை) கூடவே கேளுங்கள்.

அதுவரை ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விளக்கு எரியட்டும், இந்த வயதில் தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிவது இந்த மருந்தின் பெரிய ஆபத்து. மூட்டுவலிக்கு டிரமடால், இருமலுக்குக் கோடீன் சிரப் என்று எதையும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள், மூச்சே அடங்கிவிடலாம்.

நடுவில் தூக்கம் கெடும் வாரங்கள் வரும். அப்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு அதே அளவிலேயே இன்னும் கொஞ்ச நாள் நிற்கலாம்.