தோற்றால் கத்துகிறான், தங்கச்சியை அடிக்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் ஆண்டு படிக்கிறான். விளையாட்டில் தோற்றால் கத்துவான், கையில் கிடைத்ததை எறிவான், தங்கச்சிக்கு அடிப்பான். பள்ளிக்கூடத்திலும் ரீச்சர் முறைப்பாடு. “நாலு போட்டால் சரிவரும்” என்கிறார் மாமி. கணவர் கட்டாரில் வேலை. “பொறுமையா இரு, அடுத்த மாதம் சைக்கிள் வாங்கித் தாறன்” என்று போனில் சொல்லிச் சொல்லியே ஒரு வருடமாகிவிட்டது. இவனுக்குப் பொறுமையை எப்படிப் பழக்குவது?
ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சைக்கிள்தான்.

அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது; 2013இல் வெளியானது. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம், படம் கீற நல்ல பொருட்கள் கொண்டு வருவதாக ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். சிலருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மற்றவர்களிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு எல்லோருக்கும் ஓர் இனிப்பை வைத்து, “நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்” என்றார். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்தான். உங்கள் மகன் அவர்களைவிடப் பெரியவன், ஆனாலும் கணக்கு அதேதான். காத்திருந்தும் கிடைக்காது என்று கண்டுகொண்ட பிள்ளை எதற்காகக் காத்திருக்கும்? கணவரைக் குறை சொல்லவில்லை, வெளிநாட்டில் அவர் படும் பாடு எனக்குத் தெரியும். “சைக்கிளுக்கு இப்போது காசில்லை மகன், ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் கட்டாயம் கோல் எடுப்பன்” என்று சொல்லச் சொல்லுங்கள். சொன்னால் எடுக்கவும் வேண்டும்.

அடி வேண்டாம். மாமி உங்களை விட வயதில் பெரியவர், மரியாதையோடே சொல்லுங்கள்: கோபம் வந்தால் கை நீட்டலாம் என்பதைத்தான் அவன் அந்த அடியில் படிப்பான். ஆவேசத்தை அடக்குகிற மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயதளவு ஆகும். 8 வயதுக்காரனுக்கு நம்முடைய நிதானம் கடனாகத் தேவைப்படுகிறது.

அவன் கத்தும்போது புத்தி சொல்லாதீர்கள், அது காதில் ஏறாது. தங்கச்சியை முதலில் தள்ளி நிறுத்துங்கள். அவன் கையைப் பிடித்து, “கோவப்படலாம், அடிக்கேலாது” என்று ஒரே ஒரு தடவை, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். பக்கத்தில் குந்தியிருந்து நீங்களே மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். கொஞ்சம் கழித்து அவனும் விடுவான். ஆறிய பிறகு கேளுங்கள்: “தோத்தது வெக்கமா இருந்ததா? எல்லாரும் சிரிச்சவங்களா?” இந்தக் கேள்வியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கோபத்துக்குள்ளே வெட்கமோ பயமோ ஏமாற்றமோ கிடக்கும். அதற்குப் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எறிய வேண்டிய தேவை குறையும். கடைசியில் தங்கச்சிக்கு அடிபட்ட இடத்தில் அவனே எண்ணெய் தடவட்டும். வெறும் ‘சொறி’யோடு விட்டுவிடாதீர்கள்.

நல்ல நேரத்தில் பழக்க, பின்னேரம் கிளித்தட்டு விளையாட விடுங்கள். தரையில் கீறிய கோட்டிலிருந்து விலகாமல் மற்றவர்களை மறிக்க வேண்டும், சந்தர்ப்பம் பார்த்து நின்று பாய வேண்டும், பிடிபட்டால் வெளியேற வேண்டும். பொறுமைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ரீச்சரையும் ஒருக்கால் போய்ச் சந்தியுங்கள். வீட்டில் சொல்கிற அதே வசனத்தை வகுப்பிலும் அவர் சொன்னால் அவன் குழம்பமாட்டான்.

சில மாதங்கள் இப்படிச் செய்தும் குறையாவிட்டால், அல்லது தன்னையே காயப்படுத்தினால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அயலவர் என்ன நினைப்பார்களோ என்று தள்ளிப்போடாதீர்கள்.