ஆற்றில் இறங்கித் தூண்டில் போட எந்தச் செருப்பு?

முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தூண்டில் போட எந்தச் செருப்பு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விரல்களை மூடியதாக வாங்குங்கள். கலங்கல் தண்ணீரில் கல் இருப்பது விரல் இடித்த பிறகுதான் தெரியும். நம் ஆறுகளில் உடைந்த பாட்டிலுக்கும் குறைவில்லை. குதிகால் வார் கட்டாயம் வேண்டும். சாதாரண ரப்பர் செருப்பு சேற்றில் மாட்டினால் காலோடு வராது. வெல்க்ரோவில் மணல் ஏறினால் பிடி தளரும் என்பதால் எனக்குப் பக்கிள் வைத்ததுதான் பிடிக்கும்.

அப்புறம் அடிப்பாகம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடியில் துருத்தி நிற்கும் பெரிய ரப்பர் கட்டைகள் சேற்றுக்கும் மணலுக்கும் சரி. பாசி படிந்த பாறையில் அவை உதவாது. மெத்தென்ற ரப்பரும், அதில் பிளேடால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகளும் வேண்டும். கடையிலேயே நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமும் அமுங்காவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) அடி பாசியில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் லேசில் காயாது, அந்த ஈரத்தில் ஓர் ஆற்றின் பாசி அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். டிடிமோ என்ற பாசி பரவுவதைத் தடுக்கத்தான் நியூசிலாந்து 2008இல் மீன்பிடிக்க ஃபெல்ட் அடி அணிவதைத் தடைசெய்தது.

தண்ணீர் வடியும் துளை வழியே பொடிக்கல்லும் நுழையும். நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் செய்த சாக்ஸ் போட்டால் அந்தத் தொல்லை குறையும். போடுவதாக இருந்தால் சாக்ஸோடு சேர்த்தே அளவு பாருங்கள்.