1870 வாக்கில் கிராமத்தில் வாழ்ந்த முப்பாட்டனாரின் வம்சத்தைச் சென்னையில் இருந்தபடி தேட முடியுமா?

முடியும், அவர் பெயரில் நிலம் இருந்திருந்தால். பெயரை மட்டும் நம்பி இறங்கினால் குழம்பிப்போவீர்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் முருகேசன் மகன் கந்தசாமியும் கந்தசாமி மகன் முருகேசனும் தலைமுறைக்குத் தலைமுறை மாறி மாறி வருவார்கள். ஆளைப் பிரித்துக் காட்டுவது சர்வே எண்தான்.

முதலில் பரணில் கிடக்கும் பத்திரங்களை எடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் யோகம். இரண்டு மூன்று தலைமுறை ஒன்றிலேயே கிடைக்கும். நான்கெல்லையில் வரும் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள், பங்காளிகள் நிலம் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். இணையத்தில் வில்லங்கம் பொதுவாக 1975 முதல்தான். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். கிராமம் இடையில் வேறு அலுவலகத்துக்கு மாறியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது அடுத்த கட்டத்தில். இன்றைய சர்வே எண் பெரும்பாலும் 1979-87 யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்தது. அதை வைத்துப் பழைய பதிவேட்டில் தேடினால் யாரோ ஒருவர் வருவார். தாலுகா அலுவலகத்தில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக் காட்டும் கோரிலேஷன் பட்டியலையும் எஸ்.எல்.ஆர். (பழைய செட்டில்மென்ட் நிலப் பதிவேடு) நகலையும் கேட்டு வாங்குங்கள். பழைய எண் கையில் வந்த பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் போதும். அட்டவணைகளில் 'சிங்கில்புட்', 'டின்னெவெல்லி' என்ற பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான் தேட வேண்டும்.

இனாம் நிலம், அதாவது வரியில்லாமலோ குறைந்த வரிக்கோ மானியமாகக் கொடுத்த நிலம், என்றால் வேலை பாதி முடிந்தது. 1858-இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளில் முதலில் மானியம் பெற்றவர், அப்போது அனுபவித்தவர், அவருடைய வயது, இருவருக்கும் என்ன உறவு எல்லாம் பதிவாகியிருக்கும். ஜமீன் கிராமம் என்றால் கஷ்டம்; 1948 ஒழிப்புச் சட்டத்துக்கு முன் குடிகளின் கணக்கு ஜமீன் கச்சேரியில்தான் இருந்தது.

பழைய வருவாய்க் கணக்குகளில் வருவது பசலி ஆண்டு. அதை ஆங்கில ஆண்டாக்க 590 கூட்டுங்கள்: பசலி 1270 என்பது 1860 ஜூலையில் தொடங்குகிறது. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்; ஜாதகத்தில் வெறும் 'பிரபவ' என்றிருந்தால் 1867-ஆ 1927-ஆ என்று மகன், பேரன் வயதை வைத்துச் சரிபாருங்கள்.

நிலமில்லாத குடும்பம் என்றால் இந்த வழி எதுவும் உதவாது. கிறிஸ்தவர்களானால் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. யாராவது ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிருந்தால் 1860-1911 கப்பல் பட்டியல்களைப் பாருங்கள். தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடல் அடையாளம்வரை இருக்கும். ஊர்ப் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும்.