அம்மாவின் கால் எட்டும் தூரத்தில் வீடு: கொழும்பில் எந்தப் பக்கம் எடுப்பது?

கேள்வி: ஆகஸ்டில் இரண்டு கிழமைக்கு லண்டனிலிருந்து கொழும்பு வருகிறோம். நானும் கணவரும், 6, 11 வயதில் இரண்டு பிள்ளைகள், 72 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் நோ. ஹோட்டல் வேண்டாம், சமைக்க வசதியுள்ள அபார்ட்மென்ட் ஒன்றை நாள் வாடகைக்கு எடுக்கலாம் என்று யோசனை. சொந்தக்காரர் எல்லோரும் வெள்ளவத்தை என்கிறார்கள். கணவருக்குக் கொழும்பு 7 பிடித்திருக்கிறது. பிள்ளைகள் நீச்சல்குளம் கேட்கிறார்கள். எங்கே பார்க்கலாம்?

பதில்: நீங்கள் நாலு பேரும் எங்கே தங்கினாலும் வண்டி பிடித்து ஊரைச் சுற்றிவிடுவீர்கள். நீங்கள் வெளியே போய்விட்ட பகலில் அம்மா என்ன செய்வார்? நான் அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்குவேன்.

அந்தக் கணக்கில் வெள்ளவத்தை முந்துகிறது. காலி வீதியில் இறங்கினால் சந்தை, பார்மசி, புடவைக்கடை, இடியப்பம் வாங்கும் கடை எல்லாம் கிட்டக்கிட்ட இருக்கின்றன. எங்கும் தமிழில் கதைத்தே வாங்கலாம். மயூரபதி அம்மன் கோயிலும், பம்பலப்பிட்டி மாணிக்கப் பிள்ளையாரும் சின்ன ஓட்டோ ஓட்டத்தில் வந்துவிடும். அம்மாவுக்குத் தெரிந்த முகம் ஒன்று காலி வீதியில் எதிர்ப்படவும் கூடும். இது சும்மா சொல்லவில்லை, அநேகமாக நடக்கிற விஷயம்.

ஆனால் ‘வெள்ளவத்தை’ என்று மட்டும் பார்த்து வீடு எடுக்காதீர்கள். காலி வீதிக்கு இரண்டு பக்கம் உண்டு. இராமகிருஷ்ண வீதி, ஸ்டேஷன் வீதி போன்றவை கடலை நோக்கி இறங்குபவை. காற்று நல்லது, மாலையில் மரைன் டிரைவில் நடக்கலாம். அங்கே தண்டவாளமும் இருக்கிறது. கரையோர ரயில் கடலுக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே ஓடுகிறது, விடியுமுன்னே தொடங்கிவிடும். ஒருமுறை என் அக்கா குடும்பத்துக்கு ‘கடல் தெரியும்’ என்று போட்டிருந்த வீடொன்றை எடுத்துக் கொடுத்தேன். கடல் தெரிந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாம் நாள் அக்கா என்னோடு கதைக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையோடு வருகிறீர்கள், தண்டவாளத்தைத் தாண்டிக் கடலுக்குப் போகிற பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். தாண்டினாலும் அங்கே கல்லும் பாறையும்தான் அதிகம். குளிக்கிற கடல் கல்கிசையில் இருக்கிறது. ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் ஓய்ந்திருக்காது, அலை முரட்டுத்தனமாக இருக்கும், அங்கும் காலை நனைப்பதோடு சரி.

தரைப் பக்கம், அதாவது டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை, ஹாம்டன் ஒழுங்கைப் பக்கங்களில் ரயில் சத்தம் குறைவு. அங்கே தொல்லை வேறு மாதிரி: பக்கத்து வளவில் புதுக் கட்டடம் எழும்பினால் காலையிலிருந்து இடிசத்தம். கால்வாய் ஓரமென்றால் நுளம்பு. டெங்கு ஊர் இது, ஜன்னலுக்கு நுளம்பு வலை இருக்கிறதா என்று கேட்பது அவசியம். என் தெரிவு தரைப் பக்கம், காலி வீதியிலிருந்து இரண்டு மூன்று நிமிட நடைக்குள். அதற்கு மேல் உள்ளே போனால் ‘வெள்ளவத்தையில் இருக்கிறோம்’ என்பது பெயருக்குத்தான், அம்மா ஓட்டோவுக்குக் காத்திருப்பார்.

கணவர் சொல்வதும் பிழையில்லை. கொழும்பு 7, நம் ஆட்கள் கறுவாத்தோட்டம் என்று சொல்கிற இடம், நிழல் மரங்களும் அகலத் தெருக்களுமாக அழகானது. விகாரமகாதேவிப் பூங்கா, 1877இல் திறந்த தேசிய நூதனசாலை, சுதந்திர சதுக்கம் எல்லாம் அருகில். பிள்ளைகளுக்கு நல்ல இடம். ஆனால் ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கும் வண்டி பிடிக்க வேண்டிவரும். அங்கே ஒரு முழு நாளை வைத்துக்கொண்டு, இரவு வெள்ளவத்தைக்குத் திரும்புவதுதான் சுகம்.

நீச்சல்குளம் என்றால் கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெருவின் உயர்மாடிகள். காலிமுகத்திடலில் பட்டம் விடலாம், இறால் வடை சாப்பிடலாம், கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் உண்டு. வாடகை கூடும். வெள்ளவத்தையிலும் குளமுள்ள கட்டடங்கள் சில இருக்கின்றன, தேடினால் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கலாம். குளம் படத்தில் இருக்கிறது என்பதற்காக நாள் வாடகைக்காரர் இறங்கலாம் என்று அர்த்தமில்லை, அதையும் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனையை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில், செட்டியார் தெரு நகைக்கடைகள், கொச்சிக்கடை அந்தோனியார் எல்லாம் அந்தப் பக்கம். கட்டுநாயக்க அதிவேக வீதி பேலியகொடையில் முடிவதால் விமான நிலையத்திலிருந்தும் கிட்ட. தெருக்கள் நெரிசல், பிள்ளைகள் ஓடியாட இடமில்லை. இரண்டு கிழமைக்கு நான் சொல்லமாட்டேன். தெஹிவளை, கல்கிசையில் அதே காசுக்குப் பெரிய வீடு வரும், மிருகக்காட்சிசாலையும் அங்கேதான். ஆனால் மாலையில் காலி வீதியில் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கப் பொறுமை வேண்டும்.

முற்பணம் கொடுக்குமுன் வீட்டுக்காரரை வீடியோவில் அழையுங்கள், காலை ஏழு மணிக்கு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி. சத்தம் தானே சொல்லும். கேட்டிலிருந்து லிப்ட் வரை எத்தனை படி என்று நடந்து காட்டச் சொல்லுங்கள். லிப்ட் ஒன்றா இரண்டா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் லிப்டுக்கும் ஓடுமா, பொது விளக்குகளுக்கு மட்டுமா? பல்கனிக் கம்பிகளின் இடைவெளி என்ன? சில தொடர்மாடிகளில் நாள் வாடகையை நிர்வாகம் அனுமதிப்பதில்லை. பெட்டிகளோடு வந்து வாசலில் காவலாளியோடு வாதாட வேண்டாம், அனுமதி உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, வண்டி பிடிக்கும் பிக்மீ செயலியில் ஓட்டோ மூன்று பேருக்குத்தான். ஐந்து பேருக்குக் காரும் இறுக்கம், வான் போடுங்கள்.

ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாள் உங்கள் பயணத்துக்குள் விழுகிறதா என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள். அன்று காலி வீதியில் வண்டி நகராது, அதனால் விமானத்தை அந்த நாளில் வைக்காதீர்கள். நல்லூர்க் கொடியேற்றமும் அதே காலத்தை ஒட்டித்தான் வரும், 25 நாள் திருவிழா. யாழ்ப்பாணம் போகிற எண்ணமிருந்தால் இரவு பஸ்கள் வெள்ளவத்தையிலிருந்தே புறப்படுகின்றன, ஆனால் அந்த நாட்களில் சீட் கிடைப்பது கஷ்டம். வீடு எடுக்குமுன்னமே பஸ் சீட்டைப் பதிவு செய்யுங்கள், அம்மாவுக்கு முன்வரிசையில்.