கேட்டதும் சொன்னதும்: நாலு டப்பா பெருங்காயம்

கேள்வி: அம்மா, என் வீட்டுக்காரருக்கு மும்பை ஃபோர்ட்டில் வேலை. சாயங்காலம் திரும்பும்போது மாட்டுங்காவில் இறங்கிச் சாமான் வாங்கி வருவார். போன வாரமும் இட்லி ரவை, இந்த வாரமும் இட்லி ரவை. பெருங்காயம் நாலு டப்பா இருக்கிறது. கேட்டால் "தீர்ந்திருக்கும்னு நினைச்சேன்" என்கிறார். லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். எங்களுடையது ஒன் ரூம் கிச்சன் வீடு. சண்டை போடாமல் இதை நிறுத்த முடியுமா?
- ஒரு வாசகி, டோம்பிவிலி

பதில்: ஃபாஸ்ட் லோக்கல் ரயில் மாட்டுங்காவில் நிற்காது. உங்கள் வீட்டுக்காரர் வேண்டுமென்றே ஸ்லோ வண்டி பிடித்து, இறங்கி, மார்க்கெட்டைச் சுற்றி, மறுபடியும் அந்தக் கூட்டத்தில் பையோடு முண்டியடித்து ஏறி டோம்பிவிலி வருகிறார். இதை வெறும் ஞாபகமறதி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாழையிலைக் கட்டு, வெற்றிலைக் கவுளி, கதம்பம், அப்போதுதான் அரைத்த காபிப்பொடியின் வாசனை எல்லாம் அவரை இழுக்கின்றன. இறங்கிவிட்ட பிறகு வெறுங்கையோடு திரும்ப அவருக்குக் கூச்சம். அப்போது எந்தச் சாமான் பெயர் முதலில் வாயில் வருகிறதோ அதை வாங்கிவிடுகிறார். இட்லி ரவை ஏன் முதலில் வருகிறது என்று அவரையே கேட்டுப் பாருங்கள். என்றைக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை "ரவை இல்லை, டிபனுக்கு என்ன செய்வேன்" என்று நீங்கள் அலுத்துக்கொண்டது அவர் மனதில் அப்படியே தங்கியிருக்கும். அதற்கப்புறம் டப்பா நிறைந்த சேதி அவரை எட்டவே இல்லை.

எட்டாததற்குக் காரணம், டப்பாவைத் திறக்கிறவர் நீங்கள், கடைக்குப் போகிறவர் அவர். ஆகவே உங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம் போடுங்கள். வாங்கி வந்தவரே டப்பாவில் கொட்ட வேண்டும். பையை வாங்கி நீங்கள் உள்ளே எடுத்து வைக்கிற உபசாரம் வேண்டாம். எவ்வளவு களைப்பாக வந்தாலும் அவரே டப்பா மூடியைத் திறந்து, உள்ளே முக்கால் அளவுக்கு ரவை இருப்பதைப் பார்த்து, மிச்சப் பாக்கெட்டை எங்கே திணிப்பது என்று தானே இடம் தேட வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை பேசக்கூடாது. இதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

லிஸ்ட் இவருக்கு உதவாது. என்ன வாங்க வேண்டும் என்றுதான் அது சொல்லும். என்ன வாங்க வேண்டாம் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே! ஆபீஸிலிருந்து கிளம்புகிற நேரத்துக்கு அலமாரியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எவர்சில்வர் டப்பா வரிசை பார்க்க லட்சணம்தான், ஆனால் போட்டோவில் எல்லாம் ஒன்றுபோல் பளபளக்கும். அடிக்கடி இரட்டிப்பாகிற சாமான்களை மட்டுமாவது உள்ளே தெரிகிற பாட்டிலுக்கு மாற்றுங்கள். கொஞ்சம் அலமாரியில், கொஞ்சம் மாளாவில், அதாவது பரணில், என்று பிரித்து வைக்காதீர்கள். மாளாவுக்குப் போனது கணக்கிலிருந்தே போனது.

இன்னொன்று. மார்க்கெட்டுக்கே போகாதே என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சேர்த்து வைக்க முடியாத பொருளாகக் கேளுங்கள். கறிவேப்பிலை, வாழைக்காய், வெற்றிலை, பூ, 100 கிராம் காபிப்பொடி. காபிப்பொடி நாள்பட மணம் போய்விடும் என்பதால் அதை எப்போதுமே கொஞ்சமாகத்தான் வாங்க வேண்டும். அவர் தினம் இறங்கினாலும் உங்கள் சமையலறை தாங்கும்.

கேள்வி: என்னிடம் இப்போதே ஐந்து பாக்கெட் பம்பாய் ரவை, மூன்று கிலோ துவரம்பருப்பு, இரண்டு கிலோ உளுந்து சேர்ந்துவிட்டன. மழைக்காலம் வருகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது?
- ஒரு வாசகி, செம்பூர்

பதில்: மும்பையில் மழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 11. அதற்குள் முதலில் ரவையைக் கவனியுங்கள், அதில்தான் சீக்கிரம் வண்டு வரும். நிறம் மாறாமல் சிறு தீயில் வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். வறுக்கப் பொறுமை இல்லையென்றால் பாக்கெட்டைப் பிரிக்காமல் ஃப்ரீஸரில் நாலு நாள் வையுங்கள். முட்டையோடு சேர்த்துப் பூச்சி செத்துவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். பாக்கெட்டின் குளிர் முழுக்க இறங்கிய பிறகு பிரித்தால் ஈரம் சேராது.

துவரம்பருப்பு பழசானால் கெடாது, ஆனால் வேக மறுக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெந்நீரில் ஊறவைத்து வேகவிடுங்கள். பருப்பு குழையும் முன் புளித்தண்ணீரை விட்டால் அப்புறம் எத்தனை விசில் வந்தாலும் பிரயோஜனமில்லை. உளுந்து வேறு மாதிரி. பழைய உளுந்து அரைக்கும்போது பொங்காது, இட்லி தட்டையாக வரும். அதனால் உளுந்தைச் சீக்கிரம் செலவழியுங்கள்: அடை, தோசைமிளகாய்ப்பொடி, உளுந்து சாதம். பச்சரிசியோ புழுங்கலோ கூடுதலாக இருந்தால் கவலையே படாதீர்கள். பழைய அரிசிதான் உதிர்உதிராக வேகும், தண்ணீர் மட்டும் கொஞ்சம் அதிகம் கேட்கும். கடுகு, வெந்தயம், புளி, பெருங்காயம் இவையெல்லாம் ஈரம் படாமல் இருந்தால் உங்களோடு சேர்ந்து இன்னொரு மழையையும் பார்க்கும்.

பாக்கெட்டின் மேல் இரண்டு விதமாகத் தேதி போட்டிருப்பார்கள். 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அந்தத் தேதிவரை ருசியும் தரமும் குறையாது என்று அர்த்தம். 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்றால் அந்தத் தேதிக்குப் பிறகு தொடக்கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கடுகைக் குப்பையில் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

தள்ளுவதாக இருந்தால் இப்போதே தள்ளுங்கள். ரவையில் வண்டு ஓட ஆரம்பித்த பிறகு, "நீ எடுத்துக்கோ" என்று வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் நீட்டுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நன்றாக இருக்கும்போதே, சீல் பிரிக்காத பாக்கெட்டாக, வேண்டுமா என்று கேட்டுக் கொடுங்கள்.

கேள்வி: போனில் ஆர்டர் போடும்போது டெலிவரி சார்ஜைத் தவிர்க்க, வீட்டில் இருப்பதையே மறுபடி சேர்க்கிறேன். நான், கணவர், மகள் மூன்று பேரும் தனித்தனியாகப் போடுகிறோம். ஒரே நாளில் மூன்று உப்பு வந்தது!
- ஒரு வாசகி, முலுண்ட்

பதில்: சார்ஜைக் கொடுத்துவிடுங்கள், பல நேரம் அதுதான் சிக்கனம். மூன்று பேர் போனிலும் ஒரே கணக்கு இருக்கட்டும், கூடையில் ஏற்கெனவே என்ன விழுந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கொஞ்சமாகத் தேவைப்பட்டால் கீழே கிரானா (மளிகை) கடையில் போய் "பாவ் கிலோ" என்று கேளுங்கள். கால் கிலோ கேட்டதற்காக இந்த ஊரில் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

கேள்வி: மாமனாருக்கு 76 வயது. காலையில் நடந்துபோய் தினமும் அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்கி வருகிறார். நேற்று வாங்கியது ஞாபகமில்லை என்கிறார். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.
- ஒரு வாசகி, சயான்

பதில்: சிரிக்காமல் இருந்தீர்களே, அதுவே நல்லது. மேலே டோம்பிவிலிக்காரருக்குச் சொன்னது எதுவும் இங்கே பொருந்தாது. அவர் டப்பாவைக் காட்டினால் ஒப்புக்கொள்வார். உங்கள் மாமனாருக்கு வாங்கியதே நினைவில் இல்லை. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறாரா, பழகிய தெருவில் தடுமாறுகிறாரா, பணம் கொடுத்ததை மறக்கிறாரா என்று கவனித்து, தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது, பரேலில் கே.ஈ.எம். இருக்கிறது. இரண்டிலும் நரம்பியல் பிரிவு உண்டு.

டிமென்ஷியா என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சாப்பிடுகிற சில மாத்திரைகள் என எதுவாலும் மறதி வரலாம், இவற்றைச் சரிசெய்யவும் முடியும். சுத்த சைவம் சாப்பிடும் வயதானவர்களுக்கு பி12 குறைவது சகஜம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அவர் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அதுவரை காலை நடையை நிறுத்த வேண்டாம், கூட ஒருவர் போகட்டும். கடைக்காரரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். மாமனார் கேட்டால் எண்ணெயைக் கொடுக்கட்டும், சாயங்காலம் நீங்கள் போய் சீல் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தெரிந்த கடை என்றால் எடுத்துக்கொள்வார்கள். அவர் கண்ணெதிரில் மட்டும் திருப்பாதீர்கள்.